ஒரு போத்தல் தேனைக் குடித்துத் தீர்த்த டிஸ்பென்சர் ஐயா

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் முனியாண்டி வாசலில் வந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தார். "நம்ம டிஸ்பென்சர் ஐயா போயிட்டாருங்கம்மா. வட்டவளையில மக வீட்டுல. தேத்தண்ணி கேட்டாராம், கொண்டாந்து குடுக்குறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். "காலங்காத்தால என்ன பேச்சு இது?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? என் சத்தத்தில் பிள்ளைகளெல்லாம் அழத் தொடங்கிய பிறகுதான் நானும் உட்கார்ந்து அழுதேன்.

டிஸ்பென்சர் ஆரோக்கியம் ஐயாவை இந்தத் தோட்டத்து ஆட்களான உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருக்கிறார், மீதிப் பேர் அவரைக் கண்டு தேயிலைக்குள் ஓடி ஒளிந்திருக்கிறீர்கள். அவர் மருந்து கொடுத்தார், நான் பிரசவம் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போகும்வரை பத்து வருடத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தோம், ஒரு நாளாவது சண்டை போடாமல் இருந்ததில்லை. நல்ல மனுஷர். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

அந்த வாய்தான் தேன் விவகாரத்தைத் தொடக்கிவைத்தது. மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் பழைய பத்திரிகையை வாசித்துக் காட்டுவார். ஒரு நாள், வெளிநாட்டில் சாப்பாட்டுச் சாமான்களுக்குள் அணுக்கதிரைச் செலுத்துகிறார்கள் என்று வாசித்தார். கிருமியும் வண்டும் சாகுமாம், உருளைக்கிழங்கு முளைவிடாதாம். "தேனைக்கூட அப்படிச் செய்யலாம். அடுப்புல வச்சா தேனோட வாசம் போயிரும். கதிருக்குச் சூடு வேணாம். எக்ஸ்ரேக்குச் சொந்தக்கார ஒளிதான்" என்று அவர் சொன்னதை வரிசையில் நின்ற வீரமலைக் கங்காணி காதில் வாங்கிக்கொண்டார்.

கங்காணிக்குத் தேன் என்றால் மானப் பிரச்சினை. இந்தத் தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் நாக்கில் முதல் தேனைத் தொட்டுச் சேனை வைப்பது அவர் கைதான். காட்டுத்தேன். போத்தலுக்குள் எறும்பும் தேனீயின் காலும் மிதக்கும். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று ஐயாவும் நானும் தொண்டை வற்றக் கத்துவோம். அந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் இருவருக்கும் ஒற்றுமை.

அப்போது லெட்சுமிக்கு ஒன்பதாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் மாதம் திரும்புவதற்குள் போய்விட்டன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவளை ராசியில்லாதவள் என்று காதுபடவே பேசினார்கள். மூன்றாவதும் தங்காவிட்டால் அவளும் தங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. "இந்தப் பிள்ளைக்குத் தேன் வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று கங்காணியிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். பேசாமல் போகிற ஆளா அவர்? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இருமல் என்று சொல்லி டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கினார். அங்கே நெஞ்சுக்குப் படம் எடுக்கக் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கங்காணி கழற்றவில்லை. துரைக்கு முன்னாலேயே கழற்றாத கறுப்புக் கோட்டாம்! சரி, தொலையட்டும் என்று எடுத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்த எக்ஸ்ரே மாத்தயா, அதாவது அங்கிருந்த சிங்கள ஐயா, "மேக்க மொகத, கங்காணி?", இது என்ன என்று அலறினாராம். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முழுப் போத்தல் நின்றது. உள்பையில் தேன்! படம் எங்கள் மருந்துச்சாலைக்கு வந்தது. ஐயா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அந்தச் சிரிப்பு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட நீடிக்கவில்லை. கங்காணி போத்தலோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்றார். "ஒளி பட்டா கிருமி செத்துரும்னு சொன்னது நீங்கதானே? பட்டாச்சு. இனி லெட்சுமி பிள்ளைக்குச் சேனை வைக்கலாமா, இல்லையா?" என்றார். அதற்குள் பெண்கள் பக்கம் வேறு கூச்சல். "ஐயோ சாமி, அது அணுகுண்டுத் தேன்! பிள்ளை வயிறு வெந்துரும்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற லெட்சுமி யாரை நம்புவதென்று தெரியாமல் ஐயாவையே பார்த்தாள்.

ஒரு பொய் போதும், சண்டை முடிந்திருக்கும். தேன் விஷமாகிவிட்டது என்று சொல்லுங்கள் ஐயா என்று நான் கண்ணைக் காட்டினேன். மனுஷர் கண்டுகொள்ளவில்லை. "ஒளி உள்ள போயி வெளிய போயிரும், தங்காது. முனியாண்டிக்கு நெஞ்சுப் படம் புடிச்சாங்களே, அவனத் தொட்டா சுடுதா? வெயில்ல காஞ்ச மொளகா இருட்டுல வெளிச்சமா விடுது?" என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். கங்காணிக்கு மீசை துடித்தது. ஐயா அவர் பக்கம் திரும்பினார். "ஆனா கங்காணி, கிருமியக் கொல்ல இந்தப் படம் புடிக்கிற ஒளி பத்தாது. அதுக்கு எத்தனையோ மடங்கு வேணும், வேற இயந்திரம் வேணும். இந்தத் தேன்ல பயப்படவும் ஒண்ணுமில்ல, நம்பவும் ஒண்ணுமில்ல."

"பயப்பட ஒண்ணுமில்லன்னா குடிச்சுக் காட்டுங்க!" என்றார் கங்காணி. ஐயா போத்தலை வாங்கினார். அண்ணாந்தார். "ஐயா, போதுங்க" என்றார் கங்காணி. ஐயா நிறுத்தவில்லை. "ஐயா! பிள்ளைக்கு ஒரு சொட்டாவது மிச்சம் வைங்க!" என்று கங்காணி கோட்டு பறக்கப் பாய்ந்து வருவதற்குள் போத்தல் காலி. எறும்பு, தேனீக்கால் எல்லாம் உள்ளே போய்விட்டன.

மறுநாள் அவர் பாடு சொல்லி முடியாது. கக்கூசுக்கும் மருந்துச்சாலைக்கும் நடந்தே ஓய்ந்துபோனார். லயமெல்லாம் ஒரே பேச்சு: "பாத்தீங்களா, கதிரு வேலையக் காட்டிருச்சு." அதற்கு அடுத்த நாள் பெரட்டு நேரத்தில் முகம் வெளுத்துப்போய் வந்து நின்று அறிவித்தார்: "கதிர் மேல பழி போடாதீங்க. ஒரு போத்தல் தேனை ஒரே மூச்சுல குடிச்சா துரைக்கும் போகும்." வேணுமென்றுதானே முழுவதையும் குடித்தீர்கள் என்று நான் கேட்டேன். "ருசியா இருந்துச்சு, மருத்துவச்சி" என்றார்.

லெட்சுமிக்குப் பையன் பிறந்தான். கங்காணி வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றதைப் பார்க்க எனக்கே மனது கேட்கவில்லை. ஐயாதான் அவரைக் கூப்பிட்டுக் கோட்டுக் கையை மடிக்கச் சொல்லி, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவவைத்து, தாய்ப்பாலில் ஒரு சொட்டைத் தொட்டு வைக்கச் சொன்னார். கங்காணி பிள்ளையின் நாக்கில் வைத்தார். அன்றிலிருந்து இந்தத் தோட்டத்தில் சேனை அதுதான்.

பையனுக்கு மூன்று மாதம் ஆனபோது லெட்சுமி மருந்துச்சாலைக்கு வந்தாள். "அப்ப என் முதல் ரெண்டு பிள்ளையும் தேனாலதான் போச்சுங்களா, ஐயா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எங்கள் கட்சி ஒரேயடியாக ஜெயித்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஐயா ஸ்டூலை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். "தெரியாதும்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாதத நான் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒன் ராசியால போகல. அது எனக்கு நல்லாத் தெரியும்." அவள் அழுத அழுகையை நான் எந்தப் பிரசவத்திலும் கேட்டதில்லை.

எனக்கு எல்லாவற்றுக்கும் நாக்கு நுனியில் பதில் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நேற்று லெட்சுமி வந்தாள். "ஐயா இங்கயே நம்ம கூட இருந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். அவரைப் போல நிதானமாகச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை.