உட்கார்ந்தே வேலை பார்க்கும் சானே

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் செவெரினோவின் வலக்கையில் வைத்துவிட்டு, சானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முகம் அவருடையது, அவரே கழுவிக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி.

"உனக்கெல்லாம் எதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்றார் செவெரினோ.

"வேடிக்கை பாக்க. காதுக்குப் பின்னால விட்டுட்டீங்க பாருங்க."

எண்பத்தாறு வயது மனிதர். இங்கம் ஊர்ப் பக்கத்தில் ஐம்பது வருடம் கரும்பு போட்ட இத்தாலியர். வாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்ததிலிருந்து, முதியோர் இல்லத்தின் கிழக்குப் பகுதியில் ஒன்பது மாதமாக இருக்கிறார். சட்டையை அவர் மாட்டிக்கொள்ளும் அழகைப் பார்க்க ஆள் கூட்டலாம். தளர்ந்த கை முதலில் உள்ளே போக வேண்டும், நல்ல கை அப்புறம். அவர் தினமும் மாற்றிச் செய்துவிட்டுச் சட்டையைத் திட்டுவார். சானே சட்டையின் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

அன்றைக்குப் பொறுப்புத் தாதி கொலீன் கதவோரம் வந்து நின்றாள்.

"சானே, இன்னும் ஏழு பேர் படுக்கையில இருக்காங்க. உன்கூட வேலை பாக்கறவ இந்நேரத்துக்கு மூணு பேருக்கு உடுத்தி விட்டிருப்பா."

"அவ உடுத்தி விடறா. நான் உடுத்த வைக்கிறேன். ரெண்டும் ஒண்ணா?"

"வியாழக்கிழமை இவரைச் சோதிச்சுப் பாக்க, பிசியோதெரபி பாக்கற ரோரி வர்றான். ஒரு ஆள் துணையோட எழுந்து நின்னு இவர் அஞ்சு அடி வைக்கணும். இல்லேன்னா தூக்கு யந்திரம்தான். அப்ப உன் வித்தையை யாருகிட்ட காட்டுவே?"

ஆளைத் துணித்தொட்டிலில் கட்டித் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலியில் இறக்கும் யந்திரம் அது. கெட்டது என்று சொல்ல முடியாது, பல பேருக்கு அதை விட்டால் வழியில்லை. ஆனால் நிற்கக்கூடியவர் ஒருவர் அதில் ஏறிவிட்டால் கால் சோம்பிப் போகும். பதினோரு வருடத்தில் அப்படி ஏறியவர் யாரும் மறுபடி தரையில் கால் ஊன்றி அவள் பார்த்ததில்லை.

தோங்கா நாட்டின் வவாவு தீவில், ஒன்பது பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவள் சானே. கட்டியவனுக்குக் கரும்பு ரயில் ஓட்டும் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தாள். இதே இல்லத்தின் சலவையறையில் ஆறு வருடம் படுக்கை விரிப்பு மடித்தாள். நாற்பத்தொன்றாம் வயதில் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். அங்கே ஒருவருக்கொருவர் ஊட்டிப் பழகும் பாடம் ஒன்று உண்டு. எதிரே உட்கார்ந்த சின்னப் பெண், பூசணிக் கூழை விழுங்க நேரம் கொடுக்காமல் கரண்டி கரண்டியாகத் திணித்தாள். சானே நாலாவது கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. வாத்தியாரம்மா வந்து கெஞ்சிய பிறகுதான் விட்டாள். "இப்பப் புரிஞ்சுதா?" என்றாள் அந்தப் பெண்ணிடம், வாய் நிறையக் கூழோடு. இன்று வரை சானே ஊட்டினால், முதல் வாய் தொண்டையை விட்டு இறங்காமல் அடுத்த கரண்டி எழும்பாது.

செவெரினோவை எழுப்ப அவள் கண்டுபிடித்த வழி சீட்டு. பிரிஸ்கோலா ஆட்டத்தில் ஊரில் அவரை அடிக்க ஆளில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். சானே ஜன்னல் விளிம்பில் சீட்டைப் பரப்பினாள், கிட்டே வந்தால்தான் ஆட்டம். அதோடு கண்கூசாமல் ஏமாற்றினாள். ஒருநாள் அவள் துருப்புச் சீட்டை மடியில் ஒளித்ததைப் பார்த்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க எழுந்தார் மனுஷர்.

"மூக்கு கால் விரலுக்கு மேல வரட்டும். அப்புறம் திட்டுங்க," என்றாள் சானே, அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு.

"ராட்சசி."

"முட்டியை நீட்டிச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமைக்குள் எட்டு அடி வந்துவிட்டது. பதிவேட்டில் எழுதினாள். படித்துவிட்டுக் கொலீன் ஒரு மாதிரி சிரித்தாள், சாட்சிக்கு வேறு யாருமில்லையே.

வியாழக்கிழமை இயன்முறைக்காரப் பையன் ரோரி வந்தான். சானே நாற்காலியின் தடையைப் பூட்டி, செருப்பைச் சரிபார்த்து, பட்டையை இறுக்கி, அவர் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

செவெரினோ சர்க்கரை மூட்டை போல உட்கார்ந்திருந்தார்.

"முடியலையேம்மா," என்றார். அம்மா என்று அவர் அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று முறை எண்ணியாயிற்று. "பரவாயில்லை சார், சிரமப்படாதீங்க," என்று ரோரி எழுதத் தொடங்கினான். கொலீன் சானேயைப் பார்த்தாள். சானே செவெரினோவைப் பார்த்தாள். முடியாதவன் தன் காலைப் பார்ப்பான். இவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோரி, இவர் எழுந்துட்டார்னா அப்புறம் என்ன?"

"மேற்குப் பகுதிக்கு மாத்திடலாம். தோட்டம் இருக்கு, அவரே காபி போட்டுக்கலாம்."

"இது இவருக்குத் தெரியுமா?"

"போன ராத்திரியே சொல்லிட்டேன்," என்றாள் கொலீன்.

சானேக்குக் கிழக்குப் பகுதியில் மட்டும்தான் வேலை. விஷயம் அவ்வளவுதான்.

"சரி, ரோரி எழுதி முடிக்கட்டும். நாம ஒரு ஆட்டம் போடுவோம்," என்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள். ஆளுக்கு மூன்று போட்டாள். தனக்கு விழுந்ததைச் செவெரினோ பக்கத்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். சானே நிதானமாக அந்த மூன்றையும் எடுத்து விசிறி போல விரித்து, ரோரியிடம் நீட்டினாள்.

"துருப்பு ஏஸ் வச்சிருக்கார் பாருங்க. அதான் இவ்வளவு அமைதி."

எண்ணுவதற்கு யாருக்கும் நேரமில்லை. மூக்கு விரலுக்கு மேல் வந்தது, முட்டி நீண்டது, செவெரினோ நின்றுவிட்டார். சானே நடைவண்டியை அவர் முன்னால் தள்ளிவிட்டு, சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டியபடி பின்பக்கமாக நடந்தாள். ரோரி கணினிப் பலகையைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடிவந்து, அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்தான்.

"திருட்டுக் கழுதை, குடு இங்க," என்று ஆறு அடி. ஏழாவதில்தான் அவருக்கு உறைத்தது. திரும்பி ரோரியைப் பார்த்தார், கொலீனைப் பார்த்தார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டு அங்கேயே நின்றார்.

"திங்கக்கிழமை மாத்திடலாம்," என்றாள் கொலீன். சானேயின் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் சானே விரிப்பு மாற்ற வந்தபோது, செவெரினோ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே கரும்பு ரயில் போய்க்கொண்டிருந்தது.

"ஏமாத்திட்டே."

"ஆமா."

"அந்தப் பக்கம் எல்லாரும் ஒழுங்கா ஆடுவாங்களாம். ரோரி சொன்னான். சகிக்குமா அது?"

அவள் தலையணை உறையைக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் அங்க வருவியா?"

சானே அழுக்குத் துணிகளைப் பையில் திணித்து முடிச்சுப் போட்டாள். அழைப்பு மணியின் பொத்தானை அவருடைய நல்ல கைக்கு எட்டும்படி வைத்தாள். இரண்டு அறை தள்ளி யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வருவியான்னு கேட்டேன்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த சீட்டை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டு வெளியே போனாள்.