அந்தச் சகோதரி நான்தான்

மார்பில் கட்டி இருக்கிறது என்று சொன்னபோதுகூட நான் அழவில்லை. "ஆபரேஷன் முடிந்து உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகவும் அன்றிரவு கூட இருக்கவும் யார் வருவார்கள்?" என்று நர்ஸ் கேட்டபோதுதான் அழுதேன். ஆள் இல்லாமல் ஆபரேஷன் செய்யமாட்டார்களாம். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் கனடாவில் நிறைமாதக் கர்ப்பிணி. அவளைக் கலங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே சொல்லத்தான் பயம். எங்கள் ஆட்களிடம் ஒரு ஜெபக்குறிப்பைச் சொன்னால், ஆமென் சொல்லி முடிக்குமுன் அது நகரின் மறுகோடியில் இருக்கும் சவுத்தாலுக்குப் போய்விடும். மறுநாளே மகளின் காதிலும் விழும்.

போதாக்குறைக்கு, ஸ்கான் எடுத்துவிட்டு வரும்போது செல்வி என்னைக் கண்டுவிட்டாள். பிரான்சிலிருந்து வந்து எங்கள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவள். அந்த ஆஸ்பத்திரி கன்ரீனில்தான் வேலை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று பஸ்ஸில் வரும்வழியெல்லாம் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போதகருக்குப் போன் எடுத்தேன். "ஒரு சகோதரிக்கு ஆபரேஷன், பாஸ்டர். பேர் வேண்டாம். ஜெபியுங்கோ." எங்களிடத்தில் அப்படித்தான் வழக்கம். கண்ணை மூடிப் பேர் தெரியாத சகோதரிக்காக ஜெபிப்போம். கண்ணைத் திறந்ததும் அது யாரென்று தேடுவோம்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாருடைய பார்வையும் செல்வியின் மேல். அவள் சற்று மெலிந்திருந்தாள், அது போதாதா? அடுத்த வாரம் ஒருத்தி ரசம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி சூப். செல்வி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ளி, என் நோயைச் சாட்டி இவள் சூப் குடிக்கிறாளே!

அன்று போதகர் ஆதிச் சபையைப் பற்றிப் பேசினார். மிரட்டப்பட்டபோது அவர்கள் ஆபத்து விலகட்டும் என்று கேட்கவில்லையாம், வாய் திறக்கத் தைரியம் கேட்டார்களாம். ஒருவரும் குறைவுபடாதபடி ஒருவரையொருவர் தாங்கினார்களாம். நானோ வாயை இறுக மூடிக்கொண்டு சுகம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, எனக்கும் அந்தத் தைரியத்தைத் தாரும்" என்றேன். எழுந்து நின்றேன்.

"அந்தச் சகோதரி நான்தான். ஆபரேஷனுக்குக் கூட வர எனக்கு ஒருத்தரும் இல்லை. உங்களில ஒருத்தரையும் நான் நம்பேல்லை."

செல்விதான் வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ ஏன் பிள்ளை, அது நான் இல்லையெண்டு சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் அடுத்ததா ஆரெண்டு தேடுவினம், அக்கா. நீங்கள் ஒளிச்சுத் திரியிறதைக் கண்டனான். என்னைப் பற்றிக் கதைச்சிட்டுப் போகட்டுமெண்டு இருந்திட்டன்."

தேம்பித் தேம்பி அழுதேன். நான் கேட்குமுன்பே கர்த்தர் ஆளை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். நான் அவளையே கள்ளி என்று நினைத்தேன்.

ஆபரேஷனுக்குச் செல்விதான் கூட வந்தாள். அன்றிரவு என் கட்டிலடியில் படுத்திருந்தாள். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். மகளிடமும் நானே சொன்னேன். கர்த்தருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

என் சந்தேகப் புத்தி முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது அதையும் பேர் சொல்லியே ஜெபத்தில் வைக்கிறேன். பிரியமானவர்களே, சுகத்துக்காக ஜெபியுங்கள். பக்கத்தில் இருப்பவரை நம்பும் தைரியத்துக்காகவும் ஜெபியுங்கள். உங்கள் பாரத்தை உங்களுக்கே தெரியாமல் அவர் சுமந்துகொண்டிருக்கலாம்.