சைக்கிளை விட்டு இறங்காத அன்ரி

தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து வலென்சியாவுக்குச் சுற்றுலா போன எங்கள் குழுவில் லண்டன் பிளேஸ்டோ பகுதியில் வசிக்கும் அன்ரி ஒருவர் இருந்தார். சேலை, வெள்ளைச் சப்பாத்து, வாடகைச் சைக்கிள். நீல ஓட்டுக் கோபுரங்களையும் தெருவோரத்தில் ஆரஞ்சுப் பழம் தொங்கும் தோடை மரங்களையும் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி இருக்கையிலிருந்தே பார்த்தார். இறால் சோறு சாப்பிடக்கூட இறங்கவில்லை.

கடற்கரை வீதியில் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். உடனே நான் குதித்திறங்கிச் சைக்கிளை உருட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஆமியின் காவலரணைக் கண்டால் அப்படித்தான் செய்யவேண்டும். லண்டன் மோர்டனில் பத்து வருடம் இருந்தும் கால்களுக்கு அது மறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைத் தேடினேன். கையில் வந்தது நூலக அட்டை!

"என்ன தம்பி, சைக்கிள் பழுதோ?"

"இல்லை அன்ரி, பொலிஸ் நிக்குது. நீங்கள் இறங்கமாட்டியளோ?"

"ஊரிலை இறங்கினது காணும். இனி ஒருத்தனுக்கும் இறங்கமாட்டன். நீர் ஏறும்!"

பொலிஸ்காரரை நேராகப் பார்த்தபடி மிதித்துப் போனார். நானும் ஏறி, குடித்த வெறிகாரனைப் போல வளைந்து வளைந்து அவர்களைக் கடந்தேன். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்ரியை எட்டிப் பிடித்தபோதுதான் கண்டேன், கைப்பிடியில் அவருடைய விரல்கள் என் விரல்களைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தன.