பன்னிரண்டைச் சொல்லாமல் விட்ட ஸ்டெல்லா

ஸ்டெல்லா இறந்துவிட்டாள். இன்று காலை, கிளியனூரில், அவள் வீட்டில்.

என்னோடு விழுப்புரத்தில் நர்சிங் படித்தவள். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னோடு ஏழு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவள்.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் அவள் படத்தைப் போட்டுவிட்டது. ‘முழுமையான நோயாளிப் பராமரிப்புக்கு முன்னுதாரணமாகத் திகழ்ந்த எங்கள் செவிலியர்’... கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

எங்கள் செவிலியராம்! அவளை வெளியே அனுப்பிய கதை மட்டும் அதில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

படிக்கும்போது எங்களுக்கு நர்சிங் தியரி என்றாலே பேஜார். எல்லாம் வெள்ளைக்கார அம்மாக்கள், வாயில் நுழையாத பெயர்கள்.

ஸ்டெல்லாதான் பட்டப்பெயர் வைத்தாள். கையில் விளக்கோடு வார்டு சுற்றியவர் ‘விளக்கம்மா’. நோயாளி தன்னால் முடிந்ததைத் தானே செய்யட்டும், முடியாததற்கு மட்டும் நர்ஸ் கை கொடுக்கட்டும் என்றவர் ‘நீயே பண்ணு அம்மா’. மனிதருக்குப் பதினாலு தேவைகள் என்று பட்டியல் போட்டவர் ‘பதினாலம்மா’.

அந்தப் பதினாலையும் விரல் மடக்கித்தான் மனப்பாடம் செய்தோம். மூச்சு, சாப்பாடு, கழிவு என்று ஆரம்பிக்கும். பதினொன்று சாமி. பன்னிரண்டு, மனசுக்கு நிறைவாக ஒரு வேலை செய்வது. பதின்மூன்று விளையாட்டு, பதினாலு கற்றுக்கொள்வது.

பரீட்சை முடிந்ததும் நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

பெருமுக்கல்லிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன். இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஃபைலில் எழுதிவிட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். திரும்பி வந்து என்னைத்தான் திட்டினாள்.

“தண்ணி குடிச்சா பெட்பேன் கேக்கணும் நூரு. வயசுப் பொண்ணுங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வெக்கப்பட்டுக்கினு கிடக்கிறாரு. அது தெரியாம ஒத்துழைக்கலன்னு எழுதிக்கினு இருக்க நீ?”

சுற்றித் திரை வைத்தாள். மணிக்கு ஒரு தடவை ஆண் உதவியாளரைப் போய்க் கேட்கச் சொன்னாள். அன்றைக்குச் சாயந்திரமே அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அப்புறம் தரச்சான்று ஆய்வு வந்தது. ஒரு வாரத்தில் சுவரெல்லாம் தியரி சார்ட். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தாள் கொடுத்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தோம்.

ஆய்வுக்கு வந்த அம்மா, பதினாலு தேவை சார்ட்டைக் காட்டி, “இதை வார்டில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

“முப்பது பேஷண்ட்டுக்கு ரெண்டு பேர் இருக்கோங்க மேடம். ஊசி போட்டு சலைன் மாத்தறதுக்கே நேரம் பத்தல. பதினாலுல மூணு பாத்தா பெரிசு. மீதி எல்லாம் செவுத்துலதான் தொங்கிக்கினு இருக்குது.”

அடுத்த நாளே ஒரு புகார்க் கடிதம் டைப் ஆகி வந்தது. ஸ்டெல்லா நோயாளிகளிடம் எரிந்து விழுகிறாளாம், வேலையில் அக்கறை இல்லையாம். கூட வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“ஜல்தி போடுங்க சிஸ்டர், மேல கேட்டுக்கினு இருக்காங்க” என்றார் சூப்பிரண்டு.

வேலையில் அக்கறை இல்லையாம்... ஸ்டெல்லாவுக்கு! படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அடுத்த மாதம் என்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

அவள் எந்த ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனாலும், அங்கிருந்து எங்களுக்கு போன் போட்டு விசாரிப்பார்கள். யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

புற்றுநோய், முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டுப் போன மாதம்தான் கிளியனூர் போனேன். தலை மொட்டை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“வா நூரு. இன்சார்ஜ் மேடம் ரவுண்ட்ஸ் வந்துக்கினு இருக்காங்களா?”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளே விரலை மடக்க ஆரம்பித்தாள்.

“மூச்சு, ஏதோ ஓடிக்கினு இருக்குது. சாப்பாடு, கேப்பைக் கூழ் ரெண்டு வாய் இறங்குது...” ஒவ்வொன்றாக வந்தாள். “சாமி, ஞாயித்துக்கிழமை ஃபாதர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போறாரு. விளையாட்டு, டிவி இருக்குது. கத்துக்கறது, அண்ணன் பொண்ணு அவ பாடத்த எனக்குப் படிச்சிக் காட்டுறா.”

சாமிக்கும் விளையாட்டுக்கும் நடுவில் ஒரு விரலை மடக்காமல் தாண்டினாள். மறதி இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் தாண்டினாள்.

“எல்லாம் சரியா இருக்குதா நூரு?”

“சரியா இருக்குதுடி” என்றேன்.

அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் இது இரண்டாவது பொய். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்... கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் என் லட்சணம்.

இதை ஆஸ்பத்திரியில் படிப்பார்கள். நாளைக்கு எனக்கும் மெமோ வரும். வரட்டும்.

அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு, கிளியனூரில். கூடப் படித்தவர்கள் வந்துவிடுங்கள். நான் டியூட்டிக்குப் போகவில்லை.

ஸ்டெல்லா... சரியா இல்லடி. பன்னண்டு இல்ல. அந்த வேலைய உன்கிட்டேருந்து எடுத்தது நான்தான்.

போய்ட்டு வாடி.