சாரணியர் முகாமுக்கு அம்மாவும் வந்தாள்

அக்கா எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு சாரணியர் முகாம் போட்டார்கள். பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. பொம்பளைப் பிள்ளை ராத்திரி வெளியே தங்குவதா என்று அப்பா தையாதக்கா என்று குதித்தார். அப்புறம், அம்மாவும் கூடப் போவதானால் போகட்டும் என்று இறங்கி வந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நானும் போனேன். சாரணியர் இயக்கத்துக்கு என்னால் ஆன சேவை அவ்வளவுதான்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து அம்மா ஒரு தூக்குவாளி புளிச்சோறோடும், சாக்கில் சுற்றிய அரிவாள்மனையோடும் பஸ் ஏறினாள். முகாமில் டீச்சர் அரிவாள்மனையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளே ஆக்கிக்கிருவாக, நீங்க சும்மா உக்காருங்கம்மா" என்றார். அம்மா உட்கார்ந்தாள். அவள் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கைகளை மடியில் வைத்தாள், எடுத்தாள், கடைசியில் எனக்குப் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்கு முகாமைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் பெண் பெரியவளானால் படிப்பு நின்றுவிடும். நிறுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சடங்கு முடிந்த மறுநாள் புத்தகப் பை பரணுக்குப் போய்விடும். சித்தப்பா மகள் கணக்கில் புலி. ஏழாவதோடு நின்று ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கோ எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியே தீரவேண்டும். சாமி கும்பிடும்போது "இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்வாள். சாமிக்கு விவரம் புரியும் என்று நினைத்திருக்கிறாள். புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியேற்றத்துக்கு விசில் ஊதும் நேரத்தில் அக்கா அம்மாவைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். யாரும் கூப்பிடாமல் நானும் போனேன். "பெரியவளாயிட்டேன்ம்மா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். "அப்பாட்டச் சொல்லாதம்மா. ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

முறைப்படி அவளை அங்கேயே தள்ளி உட்காரவைத்து, தாய்மாமனுக்கு ஆள் அனுப்பி, பச்சை ஓலையில் குச்சு கட்டி அதற்குள் இருத்த வேண்டும். அம்மா முறை தவறாதவள். வீட்டுக்குத் தூரமான நாட்களில் ஊறுகாய்ச் சாடி இருக்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டாள். கூடாரத்துக்குள் போய்த் தன் மாற்றுச் சேலையை எடுத்து வந்தாள். அதைப் பல்லால் கடித்து டர்ரென்று கிழித்தாள்.

"அழாத ஆத்தா. மூஞ்சியக் கழுவிட்டுப் போயிக் கொடிய ஏத்து" என்றாள். என் பக்கம் திரும்பி, "வாயத் தெறந்த, தோல உரிச்சிருவேன்" என்றாள். எனக்குத் தோல் மேல் பிரியம் உண்டு.

அக்காவின் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று டீச்சர் வந்து கேட்டார். "வயித்து வலி டீச்சர், வெளிச்சோறு சேரல" என்றாள் அம்மா. முந்தின நாள் அந்தச் சோற்றை ஆக்கியதே அக்காதான்.

மத்தியானமும் அவள்தான் ஆக்கினாள். அடிப்பிடித்து, குழைந்துபோன சோறு. அந்த நாட்களில் இருக்கும் ஒருத்தி ஆக்கியதை அம்மா ஆயுசில் தொட்டதில்லை. வாங்கிச் சாப்பிட்டாள். முடித்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள். அதைப் பார்த்து அக்காவுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் எனக்குக் காரணம் சோறு.

வீட்டுக்கு வந்ததும், "அங்கன என்ன விசேஷம்?" என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நல்ல வெயிலு" என்றாள் அம்மா.

அந்த ஒண்ணுமில்லையை இரண்டு வருஷம் காப்பாற்றினாள். அக்காவின் துணிகளைத் தன் துணியோடு சேர்த்து அவளே வாய்க்காலில் அலசினாள். "இன்னுமா ஆகல?" என்று அத்தைமார் வருத்தப்பட்டு எள்ளுருண்டையும் கருப்பட்டியும் கொண்டுவந்தார்கள். அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அத்தனையையும் தின்றாள். எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் அம்மா தெருவுக்குச் சேதி சொன்னாள். மாமா வந்து குச்சு கட்டினார். அந்த நேரத்தை வைத்து ஜோசியர் ருது ஜாதகம் கணித்து, பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்றார். "நானும் அதான் நெனச்சேன்" என்றார் அப்பா. அக்கா பாஸான சேதி வந்தபோது, ஏதோ குருட்டாம்போக்கில் பாஸாகிவிட்டாள் என்று அவரே எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

எனக்கு அந்த நாள் வந்தபோது அம்மா திராட்சைத் தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். என்ன கிழமை, என்ன நேரம் என்று அவள் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள், மண் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஒனக்கு இன்னும் எத்தன வகுப்பு இருக்கு?" என்று கேட்டாள்.