ஆறுக்கு அஞ்சு

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் ஒரு மாவுக் கடையில் வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலக்கி வைப்பது என் வேலை. சாயங்காலம் கலக்கினால் காலையில் பொங்கியிருக்கும்.

போன மார்கழியில் மூன்று நாள் மாவு பொங்கவில்லை. கொள்ளிடத்துக் காற்று எலும்பில் இறங்கிய வாரம் அது. ஆனால் மூன்று நாளும் கலக்கியது நான். கூட வேலை செய்யும் அக்கா கலக்கிய நாளில் நன்றாக வந்ததாம்.

முதலாளி கத்தவில்லை. "உன் கைக்கு மாவு பொங்கலம்மா. தப்பா நினைக்காத. சில பேர் கை அப்படித்தான். இனிமே பாத்திரம் கழுவு," என்றார்.

பன்னிரண்டு வருஷம் கலக்கிய கை. ஆனாலும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் சோறு பிசையும்போதுகூடக் கையைப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளியின் மகள் திருச்சியில் காலேஜில் புள்ளியியல் படிக்கிறாள், முதல் வருஷம். அவள்தான் அப்பாவைப் பிடித்தாள்.

"குளிருல பொங்கலையா, கையால பொங்கலையான்னு எப்படிப்பா தெரியும்?"

"முப்பது வருஷமா மாவு விக்கிறேன். பாத்தாலே தெரியும்."

"அப்ப பாத்துச் சொல்லுங்க. டெஸ்ட் வச்சிருவோம்."

"பரீட்சைக்குப் பணம் கட்டுறதும் நான், எழுதுறதும் நானா?"

ஒரே அரைப்பு மாவைப் பன்னிரண்டு தூக்குவாளியில் சமமாக ஊற்றினாள். இரண்டிரண்டாக ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை நான் கலக்கினேன், ஒன்றை அக்கா. எது இடது, எது வலது என்று ஒரு ரூபாயைச் சுண்டிப் பார்த்து வைத்தாள். யார் கலக்கியது என்று தூக்கின் அடியில் சீட்டு ஒட்டினாள். முதலாளியை உள்ளே விடவில்லை. காலையில் அவர் ஒவ்வொரு ஜோடியிலும் என் கை பட்டது எது என்று காட்ட வேண்டும்.

"முதல்ல, இந்த அக்கா கையில ஒரு குறையும் இல்லைன்னு வச்சுக்குவோம்," என்று என்னைக் காட்டினாள். "அப்படின்னா நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுற மாதிரிதான். ஆறும் சரியா வர்றது ரொம்ப அபூர்வம். ஆறும் வந்தா நான் அந்த நினைப்பை விட்டுடறேன். ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன். இப்பவே பேசிக்கணும். சரியா?"

முதலாளி சரி என்றார்.

குறை இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குகிற படிப்பு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் முதலாளி முகர்ந்தார், கரண்டி விட்டுப் பார்த்தார், காட்டினார். அவள் சீட்டைத் திருப்பினாள். அஞ்சு சரி, ஒன்று தப்பு.

"ஆறுக்கு அஞ்சு. பாத்தியா?"

"நேத்துப் பேசினது ஆறுப்பா."

"உன் அக்காவுக்காகப் பேசாத," என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆறும் வந்திருந்தா நானே இந்த அக்காவைப் பாத்திரம் கழுவப் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

அவர் ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு அடங்கவில்லை. அஞ்சு என்பது சின்னதாகத் தெரியவில்லை. திருவானைக்காவலில் வீட்டுக்குப் போனதும் ஒரு ரூபாயை எடுத்துச் சுண்டினேன். ஆறு ஆறாக. தலை விழுந்தால் சரி, பூ விழுந்தால் தப்பு. மூன்று, இரண்டு, நாலு, மூன்று என்று வந்தது. எட்டாவது தடவை அஞ்சு தலை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ரூபாய்க்கு என் கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. ஆனாலும் அதுவும் முதலாளி மாதிரியே அஞ்சு காட்டியது. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அப்புறம்தான் எழுந்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். "அப்ப என் கை நல்ல கைதானே பாப்பா?"

"அது தெரியாதுக்கா. குறைன்னு சொல்றதுக்குப் போதலை. அவ்வளவுதான் தெரியும்."

என்மேல் பிரியமான பிள்ளை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நானே முதலாளியிடம் போனேன். "இன்னொரு தடவை வைங்கண்ணே. இந்தத் தடவை நிறைய."

"தோத்தா?"

"பாத்திரம் கழுவுறேன்."

நாலு சாயங்காலம், அஞ்சஞ்சு ஜோடி. இருபதில் பதினைந்து சரியாக வந்தால் நான் கழுவப் போவது என்று முன்னாடியே பேசிவிட்டோம். கடைசிக் காலையில் சீட்டுகளை முதலாளியே திருப்பினார். பதினொன்று சரி. திரும்பவும் எண்ணினார். அதே பதினொன்று.

"கண்ணுக்கு அப்படியே தெரிஞ்சுதே," என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

அக்கா சிரித்தாள். "எனக்கும்தான் தெரிஞ்சுது. இத்தனை நாளும் என் கை ஒசத்தின்னு இருந்தேன்."

அன்று சாயங்காலம் முதலாளி, "அண்டா நிறைஞ்சிருச்சு, வந்து கலக்கு," என்றார். முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்கினேன். மாவில் கிரைண்டர் சூடு இன்னும் இருந்தது.