சோள ரொட்டியோடு போட்ட குளிசை

"குளிசைய முழுங்காம சாக்கடைக் கான்ல போட்டுட்டு என்கிட்டயே வந்து பொய் சொல்றியா?"

கிளினிக் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் இப்படித்தான் சத்தம் போட்டேன். கேட்டுக்கொண்டு நின்றவள் யோகராணி. ஏழு மாதக் கர்ப்பிணி, நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். நான் அந்தத் தோட்டத்து மிட்வைஃப். இப்போது பென்ஷனில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அனுபவம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெருமைப்பட இதில் எதுவும் இல்லை.

கோதுமை மா விலை கண்டபடி ஏறியிருந்த காலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பல வீடுகள் சோளத்துக்கு மாறியிருந்தன. யோகராணியின் அண்ணன் மொனராகலையில் இருந்து பஸ்ஸில் மூட்டை போட்டு அனுப்புவார். சோளத்தின் மஞ்சளில் லூட்டின் என்ற சத்து இருக்கிறது, கண்ணுக்கு நல்லது என்று பயிற்சி வகுப்பில் படித்ததை நினைத்து, "நல்லா சாப்பிடும்மா" என்று நானே சொன்னேன். அதே சோளத்தில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, அது இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது என்பதையும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அந்த நோட்டு அலுமாரிக்குள் இருந்தது.

மாதாமாதம் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தும் அவளுக்கு இரத்தம் ஏறவில்லை. ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவே இல்லை.

"ஒருநாள்கூட விடல மிஸ். சாமி சத்தியமா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. போட்டா ஏன் ஏறல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவளுடைய கிளினிக் அட்டையில் சிவப்பு மையால் 'குளிசை எடுப்பதில்லை' என்று எழுதினேன்.

இரும்புக் குளிசை போடுகிறவர்களுக்கு வெளிக்குக் கறுப்பாகப் போகும். அதை ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே அவள் சொல்வது உண்மை என்று தெரிந்திருக்கும். எனக்கோ வரிசை முடிந்தால் போதும் என்றிருந்தது. என்னுடையதும் நரம்பில்லாத நாக்குத்தானே, எப்படியும் புரளும்.

அடுத்த கிளினிக்குக்கு யோகராணி வரவில்லை. என் வாய்க்குப் பயந்துதான் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. எட்டாம் மாதமே வலி கண்டு, பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை, எடை மிகவும் குறைவு. மூன்றாம் நாள் இறந்துபோனது.

வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்ப்பது என் வேலை. கால் வரவில்லை, ஆனாலும் போனேன். "உக்காருங்க மிஸ்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பாதி தின்ற சோள ரொட்டி பக்கத்தில் இருந்தது. என் முன்னாலேயே குளிசையை எடுத்து வாயில் போட்டு, பால் விடாத தேத்தண்ணியான சாயத்தண்ணியைக் குடித்து விழுங்கினாள்.

"எப்பவும் இப்படித்தான் போடுவியா?"

"ஆமாங்க மிஸ். வெறும் வயித்துல போட்டா வாந்தி வரும், சாப்பாட்டோட போடுன்னு நீங்கதான சொன்னீங்க. கொழுந்து மலையில பத்து மணிக்கு ரொட்டி தின்னுட்டு தேத்தண்ணியோட போட்டுருவேன்."

சொன்னது நான்தான். என்ன சாப்பாடு என்று கேட்காமல் விட்டதும் நான்தான். சோளம் ஒரு பங்கைப் பிடித்து வைக்க, தேயிலைச் சாயம் இன்னொரு பங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. நாள் தவறாமல் விழுங்கியவளைத்தான் நான் பொய்க்காரி என்றேன்.

"இனிமே சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, தேசிக்கா புழிஞ்ச புளித்தண்ணியோட போடும்மா. தேத்தண்ணி வேணாம், அது இரும்புச்சத்த ஒடம்புல சேரவிடாது. சோளமும் அப்படித்தான், ராவே ஊறவெச்சு அரச்சா நல்லது."

மிச்ச ரொட்டியைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப அவன் வயித்துல இருந்தப்ப போட்டதெல்லாம் ஒடம்புல சேரலயா மிஸ்?"

ஒரு குழந்தை இறக்கப் பல காரணம் இருக்கும். சோளத்தால்தான் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நியாயத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

"முழுசா சேரலம்மா. தப்பு என் மேலதான்."

அட்டையை வாங்கி, சிவப்பு எழுத்தைக் கோடிட்டு வெட்டி, 'குளிசை ஒழுங்காக எடுத்தார்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். யோகராணி அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அன்னைக்கு சிரிச்சவங்க யாரும் இத வாசிக்க மாட்டாங்களே மிஸ்" என்றாள்.

அதனால்தான் பிள்ளைகளே, அட்டையில் கைவைப்பதற்கு முன்னால், எதோடு போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன்.

அடுத்த கிளினிக்கில் வரிசை முழுக்கக் கேட்கும்படி, யோகராணி பொய் சொல்லவில்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவள் அங்கே இல்லை. கர்ப்பிணிகள் வரும் கிளினிக்கில் அவளுக்கு என்ன வேலை?